அக்காவுக்கு ஸ்டெம் செல் கொடுத்தபோது

அக்காவுக்கு லியூக்கேமியா என்ற இரத்தப் புற்றுநோய் திரும்பி வந்தபோது, ஸ்டெம் செல் கொடுக்க யாருடையது பொருந்தும் என்று பார்க்கும் எச்எல்ஏ பரிசோதனையில் என்னுடையதுதான் முழுதாகப் பொருந்தியது. உடன்பிறந்த ஒருவருக்கு அப்படிப் பொருந்துவது நாலில் ஒரு வாய்ப்புத்தான். உடனே உவர்மலையில் எங்கள் ஒழுங்கை முழுக்க, “முள்ளந்தண்டைத் துளைச்சு எடுக்கப் போறாங்களாம்” என்று கதை பரவிவிட்டது. அம்மாவைத் தேற்றுவதே பெரிய வேலையாகப் போனது.

முள்ளந்தண்டில் யாரும் கை வைக்கவில்லை. ஜி-சிஎஸ்எஃப் ஊசியை நாலைந்து நாள் தோலுக்கடியில் போடுவார்கள். அதனால் எலும்பு மச்சையில் இருந்து இரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்கள் இரத்தத்துக்குள் வந்துவிடும். மருந்தைப் பிரிஜ்ஜில் வைக்க வேண்டும், அதனால் திருகோணமலையில் கரண்ட் போகும்போதெல்லாம் எங்களுக்குப் பதற்றம். ஊசி ஏற ஏற நாரி உளைவு தாங்க முடியவில்லை, பனடோல்தான் துணை.

அப்புறம் கொழும்பில் எல்லோரும் ஒரு எண்ணுக்காகக் காத்திருந்தோம்: என் இரத்தத்தில் எத்தனை சிடி34 கலங்கள் என்று. சிடி34 என்பது இரத்தத்தை உருவாக்கும் கலங்களின் மேற்பரப்பில் இருக்கும் புரதம். நுண்காட்டியில் பார்த்தால் அந்தக் கலங்கள் லிம்போசைட் என்ற சாதாரண வெள்ளையணு போலத்தான் இருக்குமாம். அதனால் சிடி34இல் ஒட்டும் ஆன்டிபாடிக்கு ஒளிரும் சாயம் ஏற்றி இரத்தத்தில் கலக்கிறார்கள். ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற கருவியில் கலங்கள் ஒவ்வொன்றாக லேசரைக் கடக்கும்போது, ஒளிர்பவை எண்ணப்படும். சிடி34 புரதம் 1984இல் அமெரிக்காவில் கர்ட் சிவின் குழு வெளியிட்ட கண்டுபிடிப்பு.

சிடி34 உள்ளவை எல்லாம் அசல் ஸ்டெம் செல் இல்லை என்பது எனக்குப் புதுத் தகவல். பெரும்பாலானவை ஏற்கெனவே ஏதோ ஒரு வகை இரத்தக் கலமாக மாறத் தொடங்கியவை. அசலைத் தேடும் ஆய்வுகூடங்கள் வேறு மேற்பரப்புப் புரதங்களையும் பார்த்து, சிடி38 இல்லாதது, சிடி90 உள்ளது, சிடி45ஆர்ஏ இல்லாதது என்று மேலும் மேலும் சலிக்கின்றன. ஆஸ்பத்திரி அவ்வளவு தூரம் போவதில்லை. நோயாளியின் எடையில் கிலோவுக்குக் குறைந்தது 20 இலட்சம் சிடி34 கலங்கள் வேண்டும், 50 இலட்சம் கிடைத்தால் சந்தோஷம்.

எண் நல்லபடியாக வந்தது, இயந்திரத்தில் படுத்தேன். ஒரு கையிலிருந்து போகும் இரத்தம், தேவையானதைப் பிரித்தபின் மறு கையில் திரும்பி ஏறும். மணிக்கணக்கில் அசைய முடியாது. கழிப்பறைக்கு முன்பே போய்விடுங்கள். இரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் சிட்ரேட்டால் உதடு விறுவிறுக்கும். நேர்ஸ் மிஸ்ஸிடம் சொன்னால் கல்சியம் தருவார்கள், சும்மா பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டாம்.

ஒரே நாளில் போதிய அளவு சேர்ந்துவிட்டது. இரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் கொஞ்சம் குறைந்திருக்கும், ஊரில் ஒருமுறை இரத்தம் சோதித்துப் பாருங்கள் என்றார் டொக்டர். மோட்டார் சைக்கிள் சாவியை அம்மா அதற்குள் எடுத்து வைத்துவிட்டார்.