மின்தடை மீது பழி விழுந்த ஓர் அப்டேட் கோளாறு

நீடாமங்கலம் அருகே உள்ள ஓர் அரிசி ஆலையின் சர்வரைச் சில ஆண்டுகளாக நான் பராமரித்து வருகிறேன். எடைமேடையில் ஏறும் ஒவ்வொரு வண்டி நெல்லின் எடையும், ஈரப்பதமும், விவசாயிக்குத் தர வேண்டிய தொகையும் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் அந்த ஒரே சர்வரில்தான் பதிவாகின்றன. குறுவை அறுவடை மும்முரமாக நடந்த ஒரு புரட்டாசிக் காலையில் ஆலைக் கணக்கர் அழைத்தார். “தம்பி, ராத்திரி கரண்ட் போய் வந்துச்சு. அதுலேர்ந்து மிஷின் எந்திரிக்கவே இல்லை. வாசல்ல பதினோரு வண்டி நிக்குது.”

நான் கும்பகோணத்திலிருந்து போய்ச் சேர்ந்தபோது, படுதா போர்த்திய டிராக்டர்கள் சாலை வரை நின்றன. அலுவலகத் திரையைக் கழற்றிச் சர்வரில் மாட்டினேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளாக, ரூட் கோப்பு முறைமையை (இயங்குதளம் இருக்கும் வட்டுப் பகுதியை) மவுண்ட் செய்ய, அதாவது திறக்க முடியவில்லை என்ற கெர்னல் பேனிக் செய்தி நின்றது; இயங்குதளத்தின் மைய நிரலான கெர்னல் மேற்கொண்டு ஓட முடியாமல் நின்றுவிட்டது என்று பொருள். யுபிஎஸ் பேட்டரி பழையது என்பதால், மின்தடையில் வட்டு கெட்டுவிட்டது என்றே அங்கிருந்த எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள். எனக்கு அது பொருந்தி வரவில்லை. வட்டையே திறக்கத் தெரியாத நிலையில் கெர்னல் நிற்கிறது என்றால், வட்டைவிட முதலில் சந்தேகப்பட வேண்டியது இனிட்ராம்எஃப்எஸ் கோப்பைத்தான். ஏனெனில் வட்டைத் திறப்பதற்கான டிரைவர்களைக் கெர்னலின் கையில் கொடுப்பது அந்தக் கோப்பே.

மறுபடி இயக்கி, எந்தக் கெர்னலில் எழ வேண்டும் என்று தேர்ந்தெடுக்க உதவும் கிரப் பட்டியல் வருவதற்காக எஸ்கேப் விசையை அழுத்தினேன். தவிட்டுத் தூசி படிந்து அந்த விசை உள்ளேயே சிக்கிக்கொண்டதால், விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டிய பிறகே பட்டியல் வந்தது. கூடுதல் தேர்வுகளில் இருந்த முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்ததும் சர்வர் முழுமையாக எழுந்தது. எடைச்சீட்டு அச்சாகும் ஓசை கேட்டதும் கணக்கர் ஓடிப்போய் முதல் வண்டியை ஏற்றச் சொன்னார். என் வேலை அங்கேதான் தொடங்கியது.

மென்பொருள் தொகுப்புகளை நிறுவவும் நீக்கவும் உதவும் ஆப்ட் கட்டளை கொடுத்தபோது, ஒரு நேரத்தில் ஒரு நிரலை மட்டுமே அந்த வேலையைச் செய்ய விடும் பூட்டை வேறொரு செயல்முறை வைத்திருப்பதாகச் செய்தி வந்தது. பக்கத்தில் நின்ற இளைஞர், அந்தப் பூட்டுக் கோப்பை அழித்துவிடலாமே என்றார். பலரும் செய்யும் இந்தத் தவற்றை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். தினசரி அப்டேட் டைமர் காலை ஆறு மணியை ஒட்டி ஓட வேண்டியது; அந்நேரம் சர்வர் ஓடாமலிருந்தால், அடுத்த முறை எழுந்ததும் விட்டதைச் செய்யத் தொடங்கும். அது நடுவழியில் இருக்கும்போது பூட்டை அழித்தால், நிறுவிய தொகுப்புகளைக் குறித்து வைக்கும் ஒரே டிபிகேஜி பதிவேட்டில் இரண்டு நிரல்கள் எழுதிக் குழப்பிவிடும். காத்திருந்தோம். சில நிமிடங்களில் அது தானாகவே தோற்று முடிந்தது.

அது ஏன் தோற்றது என்பதை லாக் கோப்புகள் சொல்லின. கடைசி வரிகளை விட்டுவிட்டு மேலே மேலே போய், முதல் பிழையைத் தேடினேன். வட்டில் இடமில்லை என்ற செய்தி மின்தடைக்கு நான்கு நாள் முன்பே பதிவாகியிருந்தது. முழு வட்டில் பாதிக்கு மேல் காலியாக இருந்தாலும், கெர்னல்களை வைப்பதற்காக வட்டில் தனியாகப் பிரித்திருந்த பூட் பார்ட்டிஷன் அரை ஜிபிதான். பழைய கெர்னல்கள் அதை அடைத்திருந்தன. ஒரு கெர்னலின் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பே 100 எம்பியைத் தொட்டுவிடக்கூடியது. அதைப் புதுப்பிக்கும்போது பழையது இருக்க, புதியது வேறு பெயரில் முழுவதுமாக எழுதப்படுவதால் அந்நேரத்துக்கு இரட்டிப்பு இடம் தேவைப்படும். ஆக, புதிய கெர்னல் வந்து உட்கார்ந்துவிட்டது, அதற்கான இனிட்ராம்எஃப்எஸ் மட்டும் உருவாகவில்லை. நான்கு நாளும் பழைய கெர்னலிலேயே ஓடிக்கொண்டிருந்ததால் ஒருவருக்கும் தெரியவில்லை. மின்தடை செய்ததெல்லாம், அந்த அரைகுறைக் கெர்னலில் சர்வரை எழ வைத்தது மட்டுமே.

இத்தகைய நிலையில், தேவையற்ற பழைய தொகுப்புகளை நீக்கும் ஆட்டோரிமூவ் கட்டளையும் கைகொடுப்பதில்லை. முதலில் உடைந்த தொகுப்புகளைச் சரிசெய் என்கிறது, சரிசெய்யவோ இடமில்லை. எனவே ஓடும் கெர்னல் எதுவென்று இருமுறை சரிபார்த்து, அதைத் தொடாமல், மிகப் பழைய கெர்னலின் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு ஒன்றை மட்டும் வேறு இடத்துக்கு நகர்த்தினேன். பிறகு டிபிகேஜியிடம் நிலுவையில் இருந்த தொகுப்புகள் அனைத்தையும் கான்ஃபிகர் செய்து நிறுவலை முடிக்கச் சொன்னதும், விடுபட்ட கோப்பு உருவானது. அதன் பின் ஆட்டோரிமூவ் பழைய கெர்னல்களை நீக்கியது. கிரப் பட்டியலையும் புதுப்பித்தேன்.

மறுதொடக்கத்தை உடனே செய்யவில்லை. கடைசி வண்டி இறங்கும்வரை, இரவு எட்டரை மணிவரை பொறுத்திருந்து, கணக்கரையும் பக்கத்தில் நிற்க வைத்துச் செய்தேன். புதிய கெர்னலில் எழுந்தது. பூட் பார்ட்டிஷன் 80 சதவீதம் தாண்டினால் எனக்கு மின்னஞ்சல் வருமாறு ஒரு சிறு நிரலை அன்றே எழுதி வைத்தேன். “அப்போ கரண்ட் மேல தப்பு இல்லையா தம்பி?” என்று கணக்கர் கேட்டார். இல்லை அண்ணே என்றேன். ஆனாலும் யுபிஎஸ் பேட்டரியைச் சம்பா அறுவடைக்கு முன் மாற்றிவிடுங்கள் என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.