கொல்லையில் ஒரு சுற்றுப்பாதை

திருவொற்றியூர் வீட்டில் முருங்கை விழுந்த பிறகு, கொல்லையில் 12 அடிச் சதுரத்துக்கு வெறும் மணல்தான். கார் ஷெட் போடலாம் என்றார் வீட்டுக்காரர். எங்களிடம் கார் இல்லை. நான் லாபிரிந்த் போட்டேன், அதாவது நடப்பதற்கான சுற்றுப்பாதை.

இதில் வழி தவறவே முடியாது. கிளை பிரியாத ஒரே பாதை. வளைந்து வளைந்து நடுவில் கொண்டுபோய் விடும், அதே வழியில் திரும்பலாம். பொள்ளாச்சி அருகே கெடிமேட்டில் கல்லை வரிசையாக வைத்துப் போட்ட பழைய லாபிரிந்த் ஒன்று இருக்கிறது. பரவலான வடிவத்தில் பாதை நடுவைச் சுற்றி 7 சுற்று போகும். பாதை ஓரடி அகலம் என்றாலே குறுக்கே 15 அடி வேண்டும். அதனால் எனக்கு 3 சுற்று, பாதை ஒன்றரை அடி.

மணலில் ஒரு கூட்டல் குறி, நான்கு மூலையிலும் ஒரு புள்ளி. கூட்டலின் மேல் நுனியை வலது மேல் புள்ளியோடு வளைத்துச் சேர்க்க வேண்டும். அப்புறம் இடது மேல் புள்ளியிலிருந்து வலக்கை நுனிக்கு, இடக்கை நுனியிலிருந்து வலது கீழ்ப் புள்ளிக்கு, கடைசியாக இடது கீழ்ப் புள்ளியிலிருந்து கூட்டலின் கீழ் நுனிக்கு. எல்லா வளைவும் மேலே சுற்றித்தான் போகும்.

"கோலம்தானே இது? மூடாம விட்டுட்டியே," என்றார் அத்தை. அந்தத் திறப்புதான் வாசல்.

கோடுகளின் மேல் பழைய மதில் செங்கல்லைப் பாதி புதைத்து வைத்தேன்; நடுவே இருப்பதுதான் பாதை. கடல் மணலில் சும்மா வைத்தால் மழைக்குச் சாய்ந்துவிடும். நடுவில் துளசி மாடம் வேண்டும் என்கிறார் அத்தை. எனக்கு ஒரு ஸ்டூல் போதும். பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை.