வளைவில் கேட்கும் ஹோர்ன்

நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாக இறங்கும் பஸ்ஸில், பனிமூட்டம் கண்ணாடியை மறைக்கும்போதெல்லாம், சாரதி ஒவ்வொரு வளைவுக்கும் முன் ஹோர்ன் அடித்துவிட்டு எதிர்ப்பக்கத்துப் பதிலுக்குக் காது கொடுப்பதைச் சிறுவயது முதல் பார்த்து வருகிறேன். ஒன்றோடொன்று தொடர்பாடும் வாகனங்கள் 5.9 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் செய்வதும் ஏறத்தாழ இதுவே. தம் இருப்பிடத்தையும் வேகத்தையும் திசையையும் நொடிக்குப் 10 முறை வரை அவை அறிவிக்கின்றன.

இல்லாத வாகனமொன்றின் பெயரில் எவரும் பொய் அறிவிப்பு அனுப்பிவிடக்கூடும் என்பதால், ஒவ்வொரு செய்தியும் இலக்கமுறைக் கையொப்பத்துடனேயே அனுப்பப்படுகிறது. அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் இலக்கமுறைச் சான்றிதழ் ஒன்றையே எப்போதும் பயன்படுத்தினால் வாகனம் போகுமிடமெல்லாம் வேவு பார்க்கப்படும் என்பதற்காகப் வாகனத்தின் உண்மை அடையாளத்தைக் காட்டாத புனைபெயர்ச் சான்றிதழ்களை அடிக்கடி மாற்றுகிறார்கள். இந்த நுணுக்கத்தை நான் மிகவும் ரசித்தேன்.

ஆயினும் கையொப்பம், செய்தியை அனுப்பியவரை உறுதிசெய்யுமே தவிர, அவர் சொன்னது மெய் என்பதற்குப் பொறுப்பேற்காது. ஆகவே வந்த செய்தியை ராடாரும் கெமராவும் கண்டதோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது. மலையகத்து மூடுபனியில் கெமரா தடுமாறினாலும் ராடார் பெரும்பாலும் கைகொடுக்கும்.

ஆபத்து வேறு வழியாகவும் வரும். 2015இல் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்களான சார்லி மில்லரும் கிறிஸ் வலசெக்கும் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கியைக் கைத்தொலைபேசி வலையமைப்பின் ஊடாகவே தொலைவிலிருந்து கட்டுப்படுத்திக் காட்டியதையடுத்து, சுமார் 14 இலட்சம் வாகனங்கள் திருத்தத்துக்காக மீளழைக்கப்பட்டன.

இரைச்சலால் அலைவரிசையையே அடைத்துவிட்டால் எந்தக் கையொப்பமும் உதவாது. அப்போது வாகனம் தன் உணரிகளை மட்டும் நம்பி வேகத்தைக் குறைக்க வேண்டும். ஹோர்ன் பழுதான நாளில் எங்கள் சாரதியும் அப்படித்தான் ஓட்டினார்.