எங்கே நின்னு எடுத்தீங்க?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஸ்டூடியோ நடத்துகிறேன். பாஸ்போர்ட் சைஸ், கல்யாண ஆல்பம், லேமினேஷன், ஓரமாக ஒரு ஜெராக்ஸ் மெஷின் என்று எல்லா ஊர் ஸ்டூடியோவையும் போலத்தான். சில ஆண்டுகளாக இன்னொரு வேலையும் ஒட்டிக்கொண்டது. பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர்கள் பிரின்ட் போட வருவார்கள். காசு கொடுத்து கவரை வாங்கிய பிறகும் நகரமாட்டார்கள். ஒவ்வொரு படமாக எடுத்துக் கல்லா மேல் பரப்பிவிட்டு, "எப்படிண்ணா இருக்கு?" என்பார்கள். நெய்வேலியில் ஷிஃப்ட் முடித்து வருபவர், நர்ஸ் அம்மா ஒருவர், கல்லூரிப் பையன்கள், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மூன்று நாள் கல்யாணத்தை எடுத்து முடிப்பதைவிட அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கடினம்.

"சூப்பர் தம்பி" என்று அனுப்பிவிடலாம். வியாபாரத்துக்கும் அதுவே நல்லது. ஆனால் காட்டுகிறவர் அதை நம்புவதில்லை. உதட்டைப் பிதுக்கினால்கூட ஏன் என்று கேட்பார்கள். சூப்பர் என்றால் கேட்பதற்கு ஒன்றுமே இல்லை. இன்னொரு பதில், "கேமராவை மாத்துங்க". நம் தொழிலில் இருப்பவர்கள் கூசாமல் சொல்லும் பதில் இது. முப்பதாயிரம் ரூபாய் கேமரா வைத்திருப்பவரை எண்பதாயிரம் செலவழிக்க வைத்துவிட்டு, அதே தவறை இன்னும் துல்லியமாக எடுக்கச் சொல்வதுதான் அது. மூன்றாவது வகை, நேற்றுத்தான் 'ரூல் ஆஃப் தேர்ட்ஸ்' படித்தவர்கள்; படத்தை மூன்று மூன்றாகப் பிரித்து, ஆளை நடுவில் வைக்காமல் கோட்டின் மேல் வைக்கச் சொல்லும் விதி அது. எந்தப் படத்தைக் காட்டினாலும் மனதுக்குள் இரண்டு கோடு குறுக்கே, இரண்டு கோடு நெடுக்கே போட்டுவிட்டு, "ஆள் நடுவுல நிக்கிறாரே" என்பார்கள். நடுவில் நிற்பதற்குக் காரணம் இருக்கலாம் என்பது அவர்கள் இன்னும் படிக்காத பாடம்.

என் பதில் ஒரு கேள்வியோடுதான் தொடங்கும். "எங்கே நின்னு எடுத்தீங்க?" பழகுபவர்களின் படங்களில் நான் பார்க்கும் குறைகளில் பெரும்பகுதி கேமராவின் குறை அல்ல, நின்ற இடத்தின் குறை, நின்ற நேரத்தின் குறை. எடுத்த படத்தை இனி யாரும் திருத்த முடியாது. இடம் அங்கேயேதான் இருக்கிறது, நாளைக் காலை திரும்பப் போகலாம்.

தேவனாம்பட்டினம் கடற்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் கேமரா வாங்கும் எவரும் முதலில் போவது அங்கேதான், சூரிய உதயத்துக்கு. கல்லாவுக்கு வரும் படங்களில் பாதி ஒரே அச்சு: நட்ட நடுவில் சூரியன், முன்னால் ஒரு படகு, படகு கரிக்கட்டையாகக் கறுத்துப்போயிருக்கும். "படகுல நல்ல கலர்லாம் இருந்துச்சுண்ணா, வரவேயில்ல" என்று குறைப்படுவார்கள். எப்படி வரும்? நமக்குக் கடல் கிழக்கே. சூரியன் படகுக்குப் பின்னால் நிற்கிறது. நம் கண்ணுக்குத் தெரிவது நிழல் விழுந்த பக்கம். படகின் உருவம் மட்டும் போதும் என்றால் அந்தக் கறுப்பு அழகுதான், யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை. பச்சையும் சிவப்புமாக அடித்த பெயின்டும், அதில் எழுதிய சாமி பெயரும் வேண்டுமென்றால் தண்ணீர் ஓரம் வரை போய், கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்க வேண்டும். வெயில் ஏறாத அந்த முதல் அரை மணி நேரத்தில் மஞ்சள் வெளிச்சம் படகின் மேல் நேராக விழும். அதுமட்டுமல்ல; உதயம் பார்க்க வந்தவர்கள், வலை சிக்கெடுப்பவர்கள், நாய்கள் என்று எல்லார் முகத்திலும் அது விழும். கடற்கரையில் வரிசையாக இருபது பேர் சூரியனைப் பார்த்துக் கேமராவைப் பிடித்திருக்க, திரும்பி அந்த இருபது முகங்களை எடுத்தவர் இதுவரை ஒருவர்தான் என் கடைக்கு வந்திருக்கிறார். அந்த நர்ஸ் அம்மா.

இதைச் சொல்லி அனுப்பினால் அடுத்த வாரம் வேறொரு புகாரோடு வருவார்கள். "அண்ணா, என் நிழலே படத்துல நீளமா விழுந்துடுச்சு." விழத்தான் செய்யும், சூரியன் முதுகுக்குப் பின்னால் தாழ நிற்கிறதே. நாலடி பக்கவாட்டில் நகர்ந்தால் நிழல் சட்டத்துக்கு வெளியே போய்விடும், படகின் ஒரு பக்கம் கொஞ்சம் இருட்டி, உருண்டையாகவும் தெரியும். இதை முதல் வாரமே சொல்லியிருக்கலாம்தான். வேண்டுமென்றேதான் சொல்வதில்லை. ஒரு முறைக்கு ஒன்று. ஐந்து குறை சொன்னால் ஐந்தும் சரி என்று தலையாட்டிவிட்டு, ஒன்றையும் செய்யாமல் கேமராவை பீரோவில் வைத்துவிடுவார்கள்.

திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில் கோபுரமும் அடிக்கடி வரும். வாசலுக்குப் பக்கத்திலேயே நின்று, முழுக் கோபுரமும் வர வேண்டுமென்று போனை அண்ணாந்து பிடித்திருப்பார்கள். கோபுரம் பின்னால் மல்லாந்து விழுவது போல இருக்கும். கேமரா மேல்நோக்கிச் சாய்ந்தால் நிமிர்ந்த கோடுகள் மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்கும். எந்தக் கேமராவானாலும் இதுதான். தெருவில் பின்னால் நடந்து போய், கேமராவை நேராகப் பிடி, கீழே தெருவும் கொஞ்சம் வரட்டும் என்பேன். "கீழே ஆட்டோ வருதுண்ணா." வரட்டுமே, அந்தத் தெருவில் ஆட்டோ இல்லாமல் இருந்த நேரம் எது?

புதுச்சேரிக்குப் போய் வருபவர்களின் படங்கள் தனி ரகம். இங்கிருந்து இருபது சொச்சம் கிலோமீட்டர்தான். ஞாயிறு காலை பஸ் ஏறினால் ஒயிட் டவுன். மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, சுவரில் சாய்ந்து நிற்கும் தங்கை அல்லது நண்பன். வீட்டுக்கு வந்து பார்த்தால் முகத்தில் மஞ்சள் காமாலை. ஃபில்டர் போட்டு நீக்கப் பார்த்து, சுவரையும் வெளுக்க வைத்துவிட்டுத்தான் என்னிடம் வருவார்கள். வெயில் பட்ட மஞ்சள் சுவர் மஞ்சளைத்தான் திருப்பி அடிக்கும். ஒட்டி நின்றால் கன்னத்தில் விழும். சுவரை விட்டு நாலடி முன்னால் வரச் சொன்னாலே பாதி குறையும். நான் இதற்கு மேலும் ஒன்று சொல்வதுண்டு. துய்மா வீதி, ரொமேன் ரோலண்ட் வீதி எல்லாம் கடலுக்கு இணையாக வடக்கு தெற்காகப் போகின்றன. காலையில் சூரியன் கடல் பக்கமிருந்து வருவதால் தெருவின் மேற்குப் பக்கச் சுவர்கள் வெயிலில் நிற்கும், கிழக்குப் பக்கம் நிழலில் கிடக்கும். எல்லாரும் வெயில் பட்ட சுவரில் சாய்ந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார்கள். எதிர்ச் சாரியின் நிழலில் நின்று அந்தச் சுவரைப் பார்த்தால், சுவர் முழுவதும் ஒரு பெரிய ரிஃப்ளெக்டர். அதுவும் எதிரில் இருப்பது வெள்ளைச் சுவராக அமைந்துவிட்டால், கல்யாண மண்டபத்தில் நான் இரண்டு குடை லைட் வைத்து வரவழைக்கும் வெளிச்சம் அங்கே இலவசம். மதியத்துக்கு மேல் சாரி மாறும்.

நின்ற இடம் சரியாக இருந்தும் படம் கெடுவது உண்டு. மரக்காணம் உப்பளத்துக்குப் போய்வந்த படங்களில் உப்பு சாம்பல் நிறத்தில் இருக்கும். கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பலுக்கு இழுத்துக்கொண்டுவரப் பார்க்கும் பிராணி. வெள்ளையைக் கண்டால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். கேமராவில் எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்ச அளவை, பிளஸ் ஒன்று வை, போனில் திரையைத் தொட்டு அந்தச் சூரியக் குறியை மேலே தள்ளு. அவ்வளவுதான், இதற்கு அரை நிமிடத்துக்கு மேல் பேச வேண்டியதில்லை.

பிரின்ட் வந்ததும் எழும் சண்டைகளையும் சொல்ல வேண்டும். "போன்ல பளிச்சுன்னு இருந்துச்சு, உங்க மெஷின்ல மங்கிடுச்சு" என்பார்கள். போன் திரை தானாக ஒளிவிடுகிறது, காகிதம் நம் ட்யூப்லைட்டைத்தான் திருப்பித் தருகிறது. திரை வெளிச்சத்தைப் பாதியாக இறக்கிவிட்டுப் பாருங்கள் என்று சொல்லி அவர்கள் போனிலேயே காட்டுவேன். இன்னொன்று, தலை வெட்டுப்படுவது. போன் படம் நாலுக்கு மூன்று கணக்கு. நாலுக்கு ஆறு பேப்பர் மூன்றுக்கு இரண்டு கணக்கு. ஓரம் விடாமல் போட்டால் படத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போயே தீரும். நெற்றிக்கு மேல் இடம் விட்டு எடுங்கள் என்று கல்லாவில் எழுதியே ஒட்டியிருக்கிறேன், யாரும் படிப்பதில்லை.

நன்றாக வந்த ஒரு படத்தை மட்டும் கொண்டுவருபவர்களிடம், "மத்ததெல்லாம் எங்கே?" என்று கேட்பேன். அழித்திருப்பார்கள். பிலிம் காலத்தில் முப்பத்தாறு படத்தையும் ஒரே தாளில் சின்னச் சின்னதாகப் போட்டுப் பார்ப்போம், கான்டாக்ட் ஷீட். எடுத்தவர் எங்கே தொடங்கினார், எப்போது நெருங்கினார், எப்போது சலித்துப்போனார் என்று அத்தனையும் அதில் தெரியும். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்ட்டியர் பிரஸ்ஸான் 1950 ஏப்ரலில் புதுச்சேரிக்கு வந்து அரவிந்தரைப் படமெடுத்தார் என்பதை இங்கே படமெடுக்கும் எல்லாரும் பெருமையாகச் சொல்வார்கள். அந்த டிசம்பரிலேயே அரவிந்தர் மறைந்துவிட்டதால் அந்தப் படங்களுக்குத் தனி மதிப்பு. பிரஸ்ஸான் என்றாலே ஒரே கிளிக் என்று நினைக்கிறார்கள். அவருடைய கான்டாக்ட் ஷீட்களைப் பார்த்தால், ஒரே காட்சியை அவரும் பல தடவை எடுத்திருப்பது தெரியும். ஆகவே, ஒரு இடத்தில் எடுத்தது அத்தனையையும் அழிக்காமல் கொண்டுவா என்பேன். பத்துப் படமும் ஒரே இடத்தில் நின்று எடுத்ததாக இருந்தால், நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை. வரிசையாக நகர்த்தும்போது அவர்களுக்கே தெரிந்துவிடும்.

பாராட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழகுபவர்களின் நல்ல படங்கள் பல தற்செயலாக அமைந்தவை. அந்தத் தற்செயலைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். "ஈர மணல்ல பையனோட நிழல் விழுது பாருங்க, அதை வெட்டாம விட்டீங்களே, அதுதான் படம்" என்றால், அடுத்த முறை ஈர மணலைத் தேடிப் போவார்கள். தமிழாசிரியர் ஐயா இப்படித்தான் இப்போது மழை விட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு குட்டை தேடிக் கிளம்பிவிடுகிறார்.

சொல்லவே கூடாத இடங்களும் உண்டு. ஆட்டம் கண்ட, கால் வெட்டுப்பட்ட ஒரு படத்தை நீட்டி, "இதைப் பெருசு பண்ணணும், இது எங்க அப்பா" என்று ஒருவர் சொன்னால் நான் விமர்சகன் அல்ல. பிரேம் மட்டும் கேட்பேன். அதேபோல, "இதை ஆயிரம் பேர் எடுத்துட்டாங்க" என்றும் நான் யாரிடமும் சொல்வதில்லை. புதுச்சேரிக் கடற்கரையின் பழைய துறைமுகப் பாலத்தை எடுக்காதவர் யார்? 2022 மார்ச்சில் அதன் ஒரு பகுதி கடலில் இடிந்து விழுந்தது. அதற்குப் பிறகு, பழைய ஹார்ட் டிஸ்க்கைத் துழாவி, ஒரு காலத்தில் யாரும் திரும்பிப் பார்க்காத பாலப் படங்களைப் பன்னிரண்டுக்குப் பதினெட்டில் போட்டுக்கொண்டு போனார்கள்.

இந்த வேலையில் எனக்கு மிகவும் சங்கடமானது மீன்காரப் பெண்களின் படங்கள்தான். கல்லூரிப் பையன் ஒருவன் கடலூர் துறைமுகத்தில் விடிகாலை ஏலத்தில் எடுத்தவற்றைக் கொண்டுவந்தான். பெரிய லென்ஸ், தூரத்தில் இருந்து. சுருக்கம் விழுந்த ஒரு கை, அதில் வளையல், பின்னால் எல்லாம் மங்கல். டெக்னிக்கலாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கருப்பு வெள்ளையாக்கி, பார்த்தவுடன் பெருமூச்சு வரும்படி செய்திருந்தான். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்தக் கரையின் குப்பங்களுக்கு எத்தனையோ கேமராக்கள் வந்தன. அழுத முகங்களை எடுத்துக்கொண்டு போயின. அதற்கப்புறம் இங்கே பிறந்து வளர்ந்த பையன்களுக்கும் மீன்காரம்மா என்றால் சோகமாகத்தான் இருக்க வேண்டும் என்று எப்படியோ பதிந்துவிட்டது. அதை ஒரு சொற்பொழிவாக ஆற்றினால் அவன் மறுபடி கடைக்கு வரமாட்டான். வழக்கமான கேள்வியைத்தான் கேட்டேன்.

"எங்கே நின்னு எடுத்த?"

"ஐஸ் வண்டிக்குப் பின்னாலண்ணா."

"அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

தெரியாது. நாலுக்கு ஆறில் ஒரு காப்பி அதிகமாகப் போட்டுக் கொடுத்தேன், காசு வேண்டாம், கொண்டுபோய் அவர்களிடமே கொடுத்துட்டு என்ன சொல்றாங்கன்னு கேட்டு வா என்றேன். தயங்கினான். திட்டுவார்களோ என்று பயம். ஒரு வாரம் கழித்துத்தான் போனான்.

அந்தம்மா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். "இன்னாப்பா இது, கையை மட்டும் எடுத்துனு வந்துருக்க? நான் விக்கிறது கையா, மீனா? அன்னிக்கு அஞ்சு கிலோ வஞ்சிரம் வச்சிருந்தேன், அதைக் காணோமே. கலரும் இல்ல. மூஞ்சி எங்க?" பக்கத்துக் கூடைக்காரி வாங்கிப் பார்த்துவிட்டு, இது உன் கை இல்லை, என் கை என்று சண்டைக்கு வந்தாராம்.

நான் அரை மணி நேரம் பேசியிருந்தாலும் அத்தனை தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன். பையன் மறுநாள் விடியற்காலையே போயிருக்கிறான், ஐஸ் வண்டிக்குப் பின்னால் இல்லை, கூடைக்கு முன்னால், குந்தி உட்கார்ந்து. பெரிய லென்ஸைக் கழற்றிவிட்டுச் சின்னது போட்டிருக்கிறான். அந்தம்மா வஞ்சிரத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, கல்யாணப் போட்டோவுக்கு நிற்பது போல விறைப்பாக நிற்கிறார். மீனின் வால் ஓரத்தில் கொஞ்சம் வெட்டுப்பட்டிருக்கிறது. மேலே தொங்கும் பல்பு வெளிச்சம் நெற்றியில் வெளுத்துவிட்டது. இரண்டையும் கவனித்தேன், இந்த முறைக்கு வால் மட்டும் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். அந்தம்மாவோ பத்துக்குப் பன்னிரண்டில் ஒன்று கேட்டு அனுப்பியிருக்கிறார், லேமினேஷன் போட்டு. கூடைக்காரிக்கும் தனியாக ஒன்று எடுக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் பேச்சு வார்த்தை இல்லையாம்.