பாலாற்றுப் புழுதியும் செவ்வாய்ப் புயலும்

இன்று மாலை காட்பாடியிலிருந்து பாலாற்றுப் பாலத்தின் வழியே வந்துகொண்டிருந்தபோது, வறண்ட ஆற்றிலிருந்து எழுந்த புழுதிக்காற்று வண்டியையே ஓர் ஆட்டு ஆட்டியது.

"அப்பா, நேத்துப் பார்த்த செவ்வாய்ப் படம் மாதிரியே இருக்கு" என்றாள் பின்னால் அமர்ந்திருந்த மகள்.

2015இல் வெளிவந்த 'தி மார்ஷியன்' படத்தில், விண்கலத்தையே சாய்க்கப் பார்க்கும் ஒரு புயல்தான் நாயகனைச் செவ்வாயில் தனியே நிறுத்துகிறது. ஆனால் அங்குள்ள காற்றழுத்தம் நம் பூமியினுடையதில் 1 விழுக்காட்டுக்கும் குறைவு என்பதால், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வீசினாலும் அது மேலே இளந்தென்றலாகவே படும்.

(மலத்தை எருவாக்கி அவன் உருளைக்கிழங்கு விளைவிப்பதை நான் மகிழ்ச்சியோடு நம்பிவிட்டேன்; புயலைத்தான் நம்ப முடியவில்லை.)

வீட்டு வாசலில், தலைக்கவசக் கண்ணாடியில் மாவாகப் படிந்திருந்த மண்ணில் விரலால் ஒரு கோடு இழுத்துவிட்டு அவள் சொன்னாள்: "அப்போ நம்ம வேலூர்க் காத்துதான்ப்பா பலம்."