கடைக்குள் இருந்த அஞ்சலகம்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து மலைப்பகுதியில், வாலி குரூசிஸ் என்னும் சிற்றூரில் 1883ஆம் ஆண்டு ஹென்றி டெய்லர் என்பவர் கட்டிய பல்சரக்குக் கடை இன்றும் நடந்து வருகிறது. 1897இல் அதில் பாதிப் பங்கை வாங்கிய டபிள்யூ. டபிள்யூ. மாஸ்ட், 1913இல் முழுக் கடைக்கும் உரிமையாளரானார். அவர் குடும்பத்தாரிடமே அது 1973 வரை இருந்தது. சில ஆண்டுகள் பூட்டிக் கிடந்த கடையை 1979இல் கூப்பர் தம்பதியர் வாங்கி, மறு ஆண்டு திறந்தபோதும் மாஸ்ட் என்ற பெயரை மாற்றவில்லை.

தொட்டில் முதல் சவப்பெட்டி வரை அங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள். எனக்கு அந்தச் சரக்குகளைவிடத் தரைப்பலகையில் வெட்டப்பட்டிருக்கும் சிறு கதவுதான் அரிய சான்றாகத் தெரிகிறது. கையில் காசு அதிகம் புழங்காத உழவர்கள் சாமான்களுக்கு ஈடாகக் கோழிகளைக் கொண்டுவந்து கொடுக்க, கடைக்காரர் அவற்றை அந்தக் கதவின் வழியே கீழே இருந்த அடைப்பில் இறக்கிவிடுவாராம்.

இத்தகைய கடைகள் நலிந்ததற்குப் பேரங்காடிகளே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆனால் பேரங்காடிகளுக்கு அடிப்படையான, வாடிக்கையாளரே பொருளை எடுத்துக்கொள்ளும் முறையை மெம்பிஸ் நகரில் பிக்லி விக்லி கடை தொடங்கியது 1916இல்தான். அடி அதற்கு முன்பே, அதுவும் அஞ்சல் வழியாக, விழத் தொடங்கிவிட்டது என்பது என் கருத்து. பல சிற்றூர்களில் கடைக்காரரே அஞ்சலதிகாரியாகவும் இருந்தார்; கடிதம் வந்திருக்கிறதா என்று பார்க்க வருபவர் உப்போ ஆணியோ வாங்காமல் திரும்புவது அரிது. 1896இல் மேற்கு வர்ஜீனியாவில் சோதனையாகத் தொடங்கி 1902இல் நிலையான சேவையாக்கப்பட்ட ஊர்ப்புற இலவச விநியோகம் கடிதங்களை உழவரின் வாசலுக்கே கொண்டுசென்றதால், கடைக்கு வரும் அந்தக் காரணமே இல்லாமற்போனது. சிறு அஞ்சலகங்கள் பலவும் மூடப்பட்டன. 1872 முதல் விலைப்பட்டியல் வழியாக விற்றுவந்த மாண்ட்கோமரி வார்டு, பின்னர் வந்த சியர்ஸ் போன்ற நிறுவனங்களுக்கு, 1913 ஜனவரி 1 அன்று தொடங்கிய அரசுப் பார்சல் சேவை பெருந்துணையாயிற்று. அதைச் சிற்றூர் வணிகர்கள் கடுமையாக எதிர்த்ததில் நியாயம் இருந்தது. மாஸ்ட் முழுக் கடையையும் தமதாக்கிக்கொண்டது அதே ஆண்டில் என்பதை அவருடைய துணிவாகவே நான் மதிக்கிறேன்.

அஞ்சல்வழி நிறுவனங்கள் பெரும்பாலும் ரொக்கம் கேட்டன. ஊர்க்கடையோ கடனாகக் கொடுத்துவிட்டு அறுவடை வரை காத்திருந்தது. இதை வைத்துக் கடைக்காரர்களை வள்ளல்களாக்கிவிடவும் கூடாது. உள்நாட்டுப் போருக்குப் பிந்திய தென்மாநிலங்களில் விளையப்போகும் பயிரையே ஈடாக எழுதி வாங்கிக்கொண்டு, ரொக்க விலையைவிடக் கூடுதல் விலைக்குச் சரக்கு கொடுத்த வணிகர்கள் பலர். பருத்தி விலை சரிந்த ஆண்டுகளில் அந்தக் கடன் தீராமல் அடுத்த ஆண்டுக் கணக்கில் ஏறியது. உழவர் வேறு கடைக்குப் போகவும் வழியில்லை, ஏனெனில் அவருடைய பயிர் ஏற்கெனவே ஒருவரிடம் ஈடாக இருந்தது.