சால்டரிங் தேர்வில் என்னைத் தோற்கடித்த ஒரு கால்

எலக்ட்ரானிக்ஸ் அசெம்பிளி வேலையில் சேர்ந்ததும் சர்க்யூட் போர்டைக் கையில் கொடுத்துவிடவில்லை. போர்டு வேலைக்கான ஐபிசி-ஏ-610 என்ற தர அளவுகளைப் படித்து, கையால் சால்டரிங் செய்து, அதாவது ஈயத்தை உருக்கிப் பாகங்களைப் போர்டில் பற்றவைத்துக் காட்டித் தேற வேண்டியிருந்தது. முதல் முறை நான் தேறவில்லை.

முதல் நாள் முழுக்க, உடம்பில் சேரும் நிலைமின்சாரத்தைத் தரைக்குக் கடத்த மணிக்கட்டில் மாட்டும் ஸ்ட்ராப் பற்றியே பேசினார்கள். இதற்கு ஒரு நாளா என்று நினைத்தேன். நிலைமின்சாரம் சுருக்கென்று நமக்கு உறைக்கவே ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டுமாம். சில சிப்கள் 100 வோல்ட்டுக்கும் கீழேயே பழுதாகிவிடும். அதைவிடக் கொடுமை, அடி வாங்கிய சிப் சோதனையில் தேறிவிட்டுச் சில மாதம் கழித்துச் சாகலாம். அன்றிலிருந்து ஸ்ட்ராப் இல்லாமல் போர்டைத் தொட்டதில்லை.

பாகங்களின் திசையும் குழப்பியது. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரில் கோடு போட்ட பக்கம் நெகட்டிவ். போர்டின் மேற்பரப்பிலேயே பற்றவைக்கும் (சர்ஃபேஸ் மவுண்ட்) டான்டலம் கெப்பாசிட்டரில் அதே கோடு பாசிட்டிவ்! மாற்றி வைத்தால் தீப்பிடிக்கவும் கூடும். இதை எழுதி மேஜையில் ஒட்டியே வைத்தேன்.

தேர்வில் என்னைக் கவிழ்த்தது ஒரு பாகத்தின் ஒரே ஒரு கால், அதாவது போர்டின் துளைக்குள் நுழையும் கம்பி; அது கிரவுண்ட் எனப்படும் அகன்ற செம்புப் படலத்தில் சேர்வது. மேலிருந்து பார்த்தால் அழகாகக் குவிந்திருந்தது. போர்டைத் திருப்பி லென்ஸில் பார்த்தார் பயிற்சியாளர். துளைக்குள் ஈயம் பாதிதான் ஏறியிருந்தது. மூன்றாம் வகுப்புக்கு, அதாவது மருத்துவம், விமானம் போன்ற சாதனங்களுக்கு, 75 சதவீதமாவது நிரம்ப வேண்டும். அந்தச் செம்புப் படலம் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது, நான் ஈயம் உருகியதை மட்டும் பார்த்துக் கையை எடுத்திருக்கிறேன்.

சூட்டைக் கூட்டுவதுதான் வழி என்று நினைத்தேன். கூட்டினால் ஈயம் நன்றாகப் பரவ உதவும் ஃப்ளக்ஸ் கருகும், துளையைச் சுற்றியுள்ள செம்பு வளையமான பேட் பெயர்ந்து வரும். "முனையை மாத்துங்க, சூட்டை மாத்தாதீங்க" என்றார் பயிற்சியாளர். சால்டரிங் அயர்னின் கூர்முனையைக் கழற்றி அகலமான உளிமுனை போட்டேன். பேடையும் காலையும் ஒருசேரத் தொட்டு, ஈயக்கம்பியை அயர்ன்மேல் வைக்காமல் எதிர்ப்பக்கத்தில் காட்டினேன். ஈயம் தானாகவே துளைக்குள் இறங்கியது. அந்தக் காட்சிக்காகவே இந்த வேலையை நேசிக்கலாம்.

இரண்டாம் முறை அதே கால் தேறியது. இப்போதும் புதுப் போர்டு வந்தால், எந்தெந்தக் கால் கிரவுண்டில் சேர்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் முனையைத் தேர்ந்தெடுக்கிறேன்.